நீலப் புள்ளி வைத்த தகடு

மினியாபொலிஸ்
1999 ஜனவரி 18

தம்பி ரெய்னோவுக்கு,

முதலில் வெட்கக்கேடான ஒரு காரியத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆய்வகத்தில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஒரு கண்ணாடித் தகட்டுக்கு முத்தம் கொடுத்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் பவுலிங் போட்டி இருந்ததால் புது உதட்டுச்சாயம் வேறு பூசியிருந்தேன். சட்டைக் கையால் அவசரமாகத் துடைத்து, தகட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத ஐம்பத்தைந்து வயதுக்காரி மாதிரி நடந்து வெளியே வந்தேன்.

அந்தத் தகட்டில் இருந்தது அப்பா.

கிழிக்காதே. கிழிப்பதென்றாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி. நீ என்னோடு பேசி நாலு மாதம் ஆகிறது. செப்டம்பரில் அப்பா செத்த அன்றைக்கு, அவர் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் தாளில் உன்னைக் கேட்காமல் நான் கையெழுத்துப் போட்டேன். "அப்பாவ ஜாடில போட்டு வேடிக்கை பாக்கப் போறியா?" என்று நீ சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று போட்ட சத்தத்தில் பாதிரியார் காப்பியை மேலே கொட்டிக்கொண்டார். போனில் சமாதானம் பேசலாமென்றால் அதையும் நீ சுவரோடு பிடுங்கிப் போட்டுவிட்டாய். கடைசி வருஷத்தில் அப்பா ஒரு நாளைக்கு நாற்பது தரம் கடலோரக் காவல்படையைக் கூப்பிட்டு, "படகுல பிள்ளைங்க இருக்கு, உடனே வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அதனால் அந்தக் குற்றத்தை மட்டும் மன்னிக்கிறேன். ஆகையால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினொரு வருஷமாக நான் இங்கே கண்ணாடி கழுவுகிறேன். நான் கழுவிக் கொடுக்கும் தகட்டில், காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவிய மூளைத் துண்டை ஒட்டி, அதன்மேல் ஆன்டிபாடி என்ற ஒன்றைச் சொட்டுகிறார்கள். எலி, முயல் உடம்பிலிருந்து வருகிற சரக்கு. எட்டாவது தாண்டாத எனக்கு ஓடெல் ஒரு நாள் சொல்லிக்கொடுத்தார். (இங்கே தகடு போடும் வேலைக்கெல்லாம் அவர்தான் தலைவர். சட்டைப் பையில் ஆறு பேனா.) "மோப்ப நாய்னு நெனச்சுக்க ஐலி. அதுக்கு ஒரே ஒரு வாசனதான் தெரியும். கெட்ட புரதம் எங்க சேந்து கெடக்கோ அங்க போய் உக்காந்துக்கும். அது உக்காந்த எடத்துல பழுப்புக் கலர் ஏற வைக்கறோம், அவ்ளோதான் நம்ம வேல." மறதி நோய் வந்த மூளையென்றால் காப்பி தெறித்த மேஜைவிரிப்பு மாதிரி இருக்கும். ஓடெல் காட்டி எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

பெயர் எழுத மாட்டார்கள், எண் மட்டும்தான். ஆனால் கையெழுத்துப் போட்ட தாளின் நகல் என்னிடம் இருக்கிறதே! 98-114. போன வாரம் அந்த எண் தட்டில் வந்து உட்கார்ந்தது. நாலைந்து தகடு. அதில் ஒன்றில் நீலப் புள்ளி வைத்திருந்தது. வேலை முடிந்தது, பார்க்கலாம் என்பதற்கு அடையாளமாக இருக்கும். அதை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன்.

சுத்தம், ரெய்னோ. ஒரு பொட்டு பழுப்பு இல்லை. சலவையிலிருந்து வந்த விரிப்பு. அப்புறம்தான் அந்த முத்தம்.

அப்பாவுக்கு வந்தது வெறும் கிழட்டுத்தனம். நோயே இல்லையென்றால் அது உனக்கு எப்படி வரும்? அக்டோபரில் படகில் ஏதோ ஆகிவிட்டது, அதிலிருந்து நீ உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்கிறாய் என்று கடைக்கார ஹில்டூர் சொன்னாள். என்னிடம் பாதிதான் சொன்னாள், ஆகவே தீவில் மற்ற எல்லாருக்கும் முழுசாகத் தெரிந்திருக்கும். போய்ப் புதுப்பி. படகு ஓட்டுவதைத் தவிர நீ வேறு எதற்கு லாயக்கு?

உன் அக்கா
ஐலி


ஹெரன் தீவு
ஜனவரி 27

அக்காவுக்கு,

நான் உன்னை மன்னிக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். அப்பா உயிரோடு இருந்தபோது வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தாய். இப்போது கண்ணாடிக்கு முத்தம் கொடுக்கிறாய்.

அக்டோபரில் நடந்ததை நானே சொல்கிறேன். ஹில்டூர் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம். ஒன்பதாம் தேதி, காலை ஒன்பது மணிப் படகு. பதினோரு கார்கள். ஏரி நடுவில் இருந்தோம். மூடுபனி இல்லை. இரண்டு கரையும் நன்றாகத் தெரிந்தது. எது தீவு, எது ஊர் என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷமாக அதே மூன்று மைல். இயந்திரத்தை நிறுத்திவிட்டு எதையோ சரிபார்க்கிறவன் மாதிரி கீழே குனிந்துகொண்டேன். நாலு நிமிஷம் இருக்கும். பிறகு தேவாலயக் கோபுரம் கண்ணில் பட்டது. வழி வந்தது. ஆர்வோ மட்டும் பார்த்தார். அவர் ஹில்டூரின் கணவர். மேலே சொல்லத் தேவையில்லை.

அப்பாவும் படகு ஓட்டிய காலத்தில் ஒரு நாள் இதே மாதிரி ஏரி நடுவில்தான் நின்றார். உனக்குத் தெரியாது. நீ இங்கே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு விலகல் கடிதம் எழுதி பைபிளுக்குள் வைத்திருந்தேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு அந்த விலகல் கடிதத்தைச் சவுனாவின் நீராவி அடுப்பில் போட்டேன். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் சவுனாவில் நிம்மதியாக உட்கார்ந்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை.

உரிம விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. கடந்த ஒரு வருஷத்தில் நினைவு தப்பியதுண்டா? இல்லை என்று எழுதினேன். நேற்றுத் தபாலில் போய்விட்டது.

ரெய்னோ


மினியாபொலிஸ்
பிப்ரவரி 4

ரெய்னோ,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நேற்றுவரை அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போனேன். நேற்று வாய் சும்மா இராமல் ஓடெலிடம் கேட்டேன்.

"98-114 சுத்தமா இருக்குல்ல? பாவம், அந்த மனுஷன் சும்மா வயசாகித்தான் போயிருக்காரு."

"நீ எதப் பாத்த?"

"நீலப் புள்ளி வச்சத."

அவர் சிரித்தார். ஆறு பேனாவும் குலுங்கின. "ஐலி, நீலப் புள்ளி வச்சது வெறுந்தகடு. அதே ஆளோட மூளதான், ஆனா அதுக்கு மட்டும் ஆன்டிபாடி போடமாட்டோம். பாக்கி எல்லாத்தையும் ஊத்துவோம். அதுல பழுப்பு வந்துச்சுன்னா எங்க வேலைல கோளாறுன்னு அர்த்தம். யார் மூளையா இருந்தாலும் அது சுத்தமாத்தான் இருக்கணும்."

புரிகிறதா? நாயை அவிழ்த்தே விடவில்லை. அப்பாவிடம் யாரும் ஒன்றுமே கேட்கவில்லை. அவர் பேசாமல் இருந்ததை நான் "இல்லை" என்று எடுத்துக்கொண்டு, உனக்கும் எழுதி, நீ அதை நம்பி இன்னொரு "இல்லை" எழுதி அனுப்பிவிட்டாய். பதினொரு வருஷம் அந்தத் தகடுகளைக் கழுவியிருக்கிறேன், ரெய்னோ. நீலப் புள்ளி என்னவென்று ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நிஜமான தகடுகளை எங்கள் ஆய்வக டாக்டர் ஹாலோரன் 16-ஆம் தேதி பார்க்கிறார். அவை அதே தட்டில்தான் இருக்கின்றன. கையை நீட்டினால் போதும். நீட்ட மாட்டேன். என் கண்ணை நான் இனி நம்புவதாக இல்லை.

அந்த விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கு. உனக்கு நோய் என்று நான் சொல்லவில்லை. ஒன்றும் இல்லை என்று நான் சொன்னது பொய் என்று மட்டும் சொல்கிறேன்.

இன்றைக்குக் காலையில் ஹில்டூர் கடைக்குப் போன் போட்டேன். "அவன் ஐஸ் மேல கார் போற வழிக்கு அடையாளமா மரம் நடப் போயிருக்கானே! என்ன விஷயம், எங்கிட்டச் சொல்லு, அப்படியே சொல்லிடறேன்." அவள் அப்படியே சொல்லுவாள், பத்து வீட்டுக்கு. "ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு, எனக்கு உடனே போன் பண்ணச் சொல்லு" என்று மட்டும் சொன்னேன். "ஒங்கிட்டயா? போன்லயா? ஏரி வத்தட்டும், பண்ணுவான்" என்றாள். வெயில் ஏறுகிறது, ஐஸ் வழியை மூடப்போகிறார்கள் என்றும் சொன்னாள். ஓடிப்போய் இதைத் தபாலில் போடுகிறேன்.

ஐலி


ஹெரன் தீவு
பிப்ரவரி 6

அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். மத்தியானத்தோடு ஐஸ் வழியை மூடுகிறார்கள். கடைசி வண்டியில் இதைக் கொடுத்துவிட வேண்டும். இளகிய ஐஸ் மேல் ஓடுகிற காற்றுப் படகின் இயந்திரத்தை நானே பிரித்துப் போட்டிருக்கிறேன். அது பூட்டி ஓடும்வரை தீவுக்குத் தபால் இல்லை.

நீ கூப்பிடச் சொன்னதாக ஹில்டூர் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாயாம். பார்த்துக்கொள்கிறேன். போன் எனக்கு ஆகாது, உனக்கே தெரியும்.

நிர்வாகம் ஏப்ரலில் புதுப் படகு இறக்குகிறது. இருபது கார் ஏறும். அதை நான்தான் ஓட்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வேடிக்கை. வியாழக்கிழமை ஐஸ் விரிசல் விட்டதால் வழியை மாற்றினோம். பழைய கிறிஸ்துமஸ் மரங்களை வரிசையாக நட்டுக்கொண்டு போனேன். ஆர்வோ பின்னாலிருந்து, "யோவ் கேப்டன், மீனுங்களுக்கு ரோடு போடறியா?" என்று கத்தினார். திரும்பிப் பார்த்தால் கடைசி ஏழு மரம் நீரோட்டப் பக்கமாக வளைந்து போயிருந்தது. அங்கே ஐஸ் என் கட்டைவிரல் கனம்தான். பிடுங்கிச் சரியாக நட்டோம். போன மாதமாக இருந்தால் ஒரு வாரம் சோறு இறங்கியிருக்காது. இப்போது நானும் சேர்ந்து சிரித்தேன். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததால் சிரிக்க முடிந்தது. அதற்காக உனக்கு நன்றி சொல்லவேண்டும். சொல்கிறேன்.

காப்பியில் உப்புப் போட்டுக் குடித்தேன் நேற்று. அதுவும் சிரிப்பாகத்தான் இருந்தது.

ரெய்னோ


மினியாபொலிஸ்
பிப்ரவரி 17

தம்பி,

ஏழு மரத்தைப் பற்றிப் படித்ததும் ஹில்டூருக்குப் போன் போட்டேன். நேற்றும் போட்டேன். காற்றுப் படகு இன்னும் ஓடவில்லையாம். இந்தக் கடிதமும் முந்தைய கடிதமும் அக்கரையில் ஒரே பையில் கிடந்து உன்னைப் பார்க்கக் காத்திருக்கும். நான் தருகிற நல்ல செய்திகளுக்கு மட்டும் சிறகு முளைத்துவிடுகிறது.

நேற்று டாக்டர் தகடுகளைப் பார்த்தார். அதற்கு முன்னால் அவர் அறைக்குப் போய், எண்ணைத் தேடியது, தகட்டை எடுத்துப் பார்த்தது, உனக்கு எழுதியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். (முத்தத்தை மட்டும் விட்டுவிட்டேன். அது குடும்ப விஷயம்.) தட்டுகளைத் தொடக்கூடாது என்று எழுத்தில் கொடுத்தார். பிறகு, "குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியதத்தான் சொல்லப்போறேன், உக்காருங்க" என்றார்.

வழக்கமான மறதி நோய்க்குப் போடுகிற இரண்டு ஆன்டிபாடியிலும் கொஞ்சம் பழுப்பு இருந்தது. எழுபத்தொன்பது வயதில் பலபேருக்கு இருக்கிற அளவுதானாம். மூன்றாவது தகடு வேறு. போன வருஷம்தான் இங்கே புதிதாக ஒரு ஆன்டிபாடி வாங்கினார்கள். அது இன்னொரு புரதத்தைத் தேடிப் போகிற நாய். அந்தத் தகட்டில் நரம்புச் செல்லுக்குள்ளே உருண்டை உருண்டையாக, பட்டாணி மாதிரி, பழுப்பு. லூயி உருண்டை என்று பெயர்.

"உங்கப்பா இல்லாததெல்லாம் பாத்தாரா?" என்று கேட்டார்.

"படகுல பிள்ளைங்க இருக்குன்னு சொல்லுவாருங்க."

"தூக்கத்துல கை கால் ஒதைச்சாரா?"

"அம்மா இருபது வருஷம் சோபாலதான் படுத்தா. உங்கப்பன் ராத்திரிலயும் படகு ஓட்டறான்னு சொல்லுவா."

"அதேதான்" என்றார்.

அப்புறம் உன்னைப் பற்றிக் கேட்டேன். ஏரி நடுவில் நின்றது, மரம், உப்பு எல்லாம். "உங்க தம்பிக்கும் இதுதானா டாக்டர்?" அவர் தகட்டை எடுத்து உறையில் வைத்தார். "இது உங்கப்பாவப் பத்தி மட்டும்தான் பேசும். தம்பியப் பத்தி இதுக்கு ஒன்னும் தெரியாது. இந்த நோய் பெரும்பாலும் அப்பாகிட்டேருந்து பிள்ளைக்கு வர்றதில்ல. ஆனா அவர் ஏன் தடுமாறறாருங்கறத அவரு உயிரோட இருக்கறப்பவே, ஒரு டாக்டர் நேர்ல பாத்துத்தான் சொல்லணும்."

நான் இவ்வளவு நாளும் உன் தலைக்குள் இருப்பதை அப்பா தலைக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

இருபது கார், ரெய்னோ. ஒவ்வொன்றிலும் ஆள் உட்கார்ந்திருக்கும். என்னைத் திட்ட வேண்டுமானால் வாரம் ஒரு கடிதம் எழுதித் திட்டு. ஏப்ரலுக்கு முன்னால் தலையைக் காட்டு.

ஐலி


ஹெரன் தீவு
பிப்ரவரி 28

அக்காவுக்கு,

வியாழக்கிழமை காற்றுப் படகு ஓடியது. உன் கடிதம் இரண்டும் சேர்ந்து வந்தன. தேதி பார்க்காமல் பின்னதை முதலில் பிரித்தேன். ஒன்றும் புரியவில்லை. அப்புறம் முன்னதைப் படித்தேன். எல்லாம் புரிந்தது. உன்மேல் வந்த கோபத்தில் கொட்டகையில் இருந்த விறகு முழுவதையும் பிளந்துவிட்டேன். மே மாதம் வரைக்கும் காணும்.

பிளந்து முடித்து உட்கார்ந்ததும் ஏழு மரம் ஞாபகம் வந்தது. அந்த வழியில் அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூட வண்டி போனது. ஆர்வோ கத்தாமல் இருந்திருந்தால்?

மறுநாள் அக்கரைக்குப் போனேன். உரிம அலுவலகத்தில் விண்ணப்பத்தைத் திருப்பிக் கேட்டேன். அங்கே இருந்த அம்மாள், "குடுத்தத திருப்பிக் கேக்க வந்த மொத ஆள் நீங்கதான், கேப்டன்" என்றாள். "இல்லை"யை அடித்து "ஆம்" என்று எழுதி, பக்கத்தில் அக்டோபர் 9 என்று தேதியும் போட்டேன். அவள் படித்தாள். அதற்குப் பிறகு கேப்டன் என்று கூப்பிடவில்லை, மிஸ்டர் லாட்டி என்றாள்.

அங்கேயிருந்து மருத்துவமனை. சின்ன வயது டாக்டர் அம்மா. கடிகாரம் வரையச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ரத்தம் எடுத்தாள். இரண்டு வாரத்தில் தெரியுமாம்.

அந்த மூன்று வார்த்தையை இங்கே எழுதுகிறேன். நீ சாட்சி. ஏணி, வெங்காயம். மூன்றாவது ஒரு நிறம்.

நிர்வாகத்திடமும் சொல்லிவிட்டேன். ஏப்ரலில் ஆர்வோவின் மகள் கைசா புதுப் படகை ஓட்டுவாள். நல்ல கை. நான் டிக்கெட் கிழிப்பேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று. கடைசி இரண்டு வருஷம் அவர் காலையில் படகுத்துறைக்கு வந்து, நாலு சின்ன உயிர்காப்பு அங்கிகளை வெளியே எடுத்து வைப்பார். பிள்ளைகளுக்காம். நான் தினமும் கத்திக்கொண்டே அவற்றை உள்ளே தூக்கிப் போடுவேன். அவர் மறுபடி எடுத்து வைப்பார். நீ எழுதியதைப் படித்த பிறகு யோசித்தேன். அவர் கண்ணுக்கு அந்தப் பிள்ளைகள் தெரிந்தார்கள் என்றால், அவர் செய்தது சரிதானே அக்கா? ஒரு கேப்டன் அதைத்தான் செய்யவேண்டும்.

நீ கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது. மன்னிப்பைப் பற்றி நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

ரெய்னோ


அஞ்சலட்டை
மார்ச் 15

ரத்தத்தில் பி-12 என்ற வைட்டமின் இல்லவே இல்லையாம். வாரம் ஒரு ஊசி. தடுமாற்றம் அதனாலும் இருக்கலாம், வேறு எதனாலும் இருக்கலாம், ஜூனில் மறுபடி பார்த்தால்தான் தெரியும் என்கிறாள் டாக்டர் அம்மா.

பச்சை.

ரெ.


மினியாபொலிஸ்
மார்ச் 22

டிக்கெட் கிழிப்பவர் திரு. ரெய்னோ லாட்டி அவர்களுக்கு,

உன் அஞ்சலட்டையை ஹில்டூர் படிக்காமல் என்னிடம் வந்திருக்க வழியில்லை. "பச்சன்னா என்ன ஐலி, பச்சன்னா என்ன" என்று இரண்டு தடவை போன் போட்டுவிட்டாள். சொல்ல மாட்டேன். அவள் தவித்துக்கொண்டு கிடப்பது எனக்கு வைட்டமின் ஊசி போட்ட மாதிரி தெம்பாக இருக்கிறது.

ஜூன் வரைக்கும் நானும் உன்னோடு சேர்ந்து பயப்படுகிறேன். ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை அது. ஏப்ரல் பத்தாம் தேதி, முதல் படகில் வருகிறேன். ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி கொண்டுவருகிறேன், காப்பி மட்டும் நான்தான் போடுவேன். டிக்கெட்டைக் கிழித்து என் பாதியை என்னிடம் கொடுக்க மறந்தாயானால் அது வைட்டமின். வேண்டுமென்றே கொடுக்காமல் இருந்தால் அது உன் குணம், அதற்கு ஊசி கிடையாது.

அந்த நாலு சின்ன அங்கியைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? வெளியே எடுத்து வை. நான் வருகிற அன்றைக்கு மட்டும்.

98-114 கோப்பை நேற்று மூடினார்கள். டாக்டர் குடும்பத்துக்கு ஒரு நகல் கொடுத்தார், உனக்கும் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் நீலப் புள்ளி வைத்த தகட்டைப் பற்றி ஓடெல் எழுதியிருக்கிறார்: நிறம் ஏறவில்லை, எதிர்பார்த்தபடியே. இடது ஓரத்தில் செந்நிறப் படிவு. வளைந்த வடிவம். இன்னதென்று தெரியவில்லை.

விசாரித்ததில், கண்ணாடி சரியாகக் கழுவப்படவில்லை என்று முடிவாகி, எனக்கு ஒரு எச்சரிக்கைத் தாள் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஐலி